மதுரையில் ஒரே ஒரு நாள்: 'ஒரிஜினல்' பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் கண்டுபிடிப்பது எப்படி?

ஆனையூரில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ குடும்பத்தோடு வந்தாச்சு. விசேஷம் முடிந்துவிட்டது. மறுநாள் இரவுதான் ஊருக்குத் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. "மதுரைக்கு வந்துட்டு நல்ல பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் சாப்பிடாம போறதா?" என்று செல்போனை எடுத்துத் தேடினால், திரையில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் வரிசையாகக் கடைகள். ஒன்று 'ஒரிஜினல்', அடுத்தது 'ஃபேமஸ்', அதற்கடுத்தது 'பழைய'. எல்லாவற்றுக்கும் நாலு நட்சத்திரத்துக்கு மேல்.

வீட்டுக்கார மாமாவைக் கேட்டால் ஒரு கடை சொல்கிறார். மச்சான் வேறொன்று சொல்கிறார். ஆட்டோக்காரரோ, "அதெல்லாம் அந்தக் காலம்ணே. இப்ப இங்கிட்டு புதுசா ஒண்ணு போட்டிருக்காய்ங்க, அங்க போவோம்" என்கிறார்.

யாரை நம்புவது? ஒரு நாள்தான் இருக்கிறது, வயிறும் ஒன்றுதான். தப்பான கடையில் உட்கார்ந்துவிட்டால், "மதுரைச் சாப்பாடு இவ்வளவுதானா?" என்ற எண்ணத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். மதுரையில் போர்டைப் பார்த்துச் சாப்பிடப் போகிறவர்களைவிட, கடிகாரத்தைப் பார்த்துப் போகிறவர்களே பெரும்பாலும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். அது ஏன் என்று பார்ப்போம்.

எல்லா ஊரிலும் இதே பிரச்சினைதானா?

ஆமாம். நியூயார்க் போகிறவர்கள் நல்ல பேகல் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். பேகல் என்பது நடுவில் ஓட்டை உள்ள, உளுந்துவடை வடிவத்து ரொட்டி. போலந்து பகுதியிலிருந்து குடியேறிய யூதர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டு சேர்த்த பண்டம். மாவை வளையமாக்கி, முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, அதன் பிறகே அடுப்பில் சுடுவார்கள். அதனால்தான் மேலே மினுமினுப்பான தோலும், உள்ளே மெல்ல மெல்ல இழுபடும் பதமும் கிடைக்கின்றன. கொதிநீர் வேலையை விட்டுவிட்டு ஆவி மட்டும் காட்டிச் சுட்டாலும் வடிவம் அதேதான். போர்டிலும் 'பேகல்' என்றுதான் இருக்கும். வாயில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஐரிஷ் பப் கதை இன்னும் வேடிக்கை. அயர்லாந்தில் பப் என்பது குடிக்கும் இடம் மட்டுமல்ல. ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் திண்ணை மாதிரி. 1990-களில், மர மேசை, பழைய போர்டு, சுவர் அலங்காரம் எல்லாவற்றையும் அயர்லாந்திலேயே வடிவமைத்து, கப்பலில் ஏற்றி, உலகமெங்கும் 'ஐரிஷ் பப்' அமைத்துக் கொடுக்கும் தொழிலே உருவானது. கின்னஸ் நிறுவனம் அதற்குத் துணை நின்றது. அலங்காரத்தைக் கப்பலில் அனுப்பிவிடலாம். பேச்சுத் துணைக்கு வரும் ஊர்க்காரர்களை எப்படி அனுப்புவது?

மதுரைக்கும் இதே கேள்விதான். பெயரும் போர்டும் எங்கே வேண்டுமானாலும் போகும். ருசி போகுமா?

முனியாண்டி விலாஸ் சொல்லும் பாடம் என்ன?

மதுரைப் பெயர் ஊர் தாண்டிப் போனதற்கு நம்மிடமே பெரிய உதாரணம் இருக்கிறது: 'மதுரை முனியாண்டி விலாஸ்'. தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலை ஓர ஊருக்குப் போனாலும் இந்தப் பெயரைப் பார்க்கலாம். இது ஒரே முதலாளியின் கிளைக் கடைகள் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இதற்கு ஒரு கம்பெனி கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது.

இந்தப் பெயரின் வேர் மதுரை மாவட்டம் கள்ளிக்குடி அருகே உள்ள வடக்கம்பட்டி. அங்குள்ள முனியாண்டி சாமியைக் கும்பிடும் குடும்பங்கள் பிழைப்புக்காக வெளியூர் போய், சாமி பெயரிலேயே அசைவ ஓட்டல் வைத்தன. 1930-களில் காரைக்குடியில் சுப்பா நாயுடு தொடங்கியதே முதல் கடை என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அங்கே வேலை பழகியவர்களும் சொந்தபந்தங்களும் அடுத்தடுத்த ஊர்களில் கடை போட்டார்கள். தினமும் முதல் வியாபாரக் காசை சாமிக்கென எடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை கடையை அடைத்துவிட்டு ஊர் திரும்பி விழா எடுக்கிறார்கள். தை, மாசி மாதங்களில் நடக்கும் அந்த விழாக்களில் விடிய விடிய அண்டா அண்டாவாக ஆட்டுக்கறி பிரியாணி வெந்து, காலையில் பிரசாதமாகக் கொடுக்கப்படுகிறது.

இதில் வெளியூர்க்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு கடையின் ருசியும் அந்தக் கடைக்காரரின் கையில்தான் இருக்கிறது. ஓர் ஊரில் பிரமாதமாக இருந்த முனியாண்டி விலாஸ், அடுத்த ஊரில் சுமாராக இருக்கலாம். பெயர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் போர்டு சொல்லும். இன்று குழம்பு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது.

எல்லோரும் 'ஒரிஜினல்' என்று எப்படிப் போட்டுக்கொள்ள முடிகிறது?

வணிகச் சின்னங்கள் சட்டம், 1999 ஒரு கடையின் தனித்துவமான பெயருக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால், தரத்தையோ வகையையோ ஊரையோ மட்டும் குறிக்கும் பொதுச் சொற்களை ஒருவர் தனக்கே சொந்தம் என்று பதிவு செய்வது கடினம். 'ஒரிஜினல்', 'ஃபேமஸ்', 'ஸ்பெஷல்', 'மதுரை' எல்லாம் அந்த ரகம். 'ஜிகர்தண்டா' என்பது பண்டத்தின் பெயர். இவற்றைச் சேர்த்து யார் வேண்டுமானாலும் போர்டு எழுதலாம்.

தனித்த பெயராக இருந்தால் கதை வேறு. 1957-ல் திண்டுக்கல்லில் தொடங்கிய தலப்பாக்கட்டி பிரியாணிக் கடை, அதே சாயலில் பெயர் வைத்தவர்களுக்கு எதிராக நீதிமன்றம் வரை போனது. தலைப்பாகை கட்டிய நிறுவனரின் அடையாளம் அந்தப் பெயரில் இருந்ததால் போராட முடிந்தது. தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பவருக்குப் பெயரே இல்லை. அவர் எதை வைத்துப் போராடுவார்?

புவிசார் குறியீடு வேறு விஷயம். அது ஒரு கடைக்குக் கிடைப்பது அல்ல, ஒரு வட்டாரத்தின் பொருளுக்குக் கிடைப்பது. மதுரைச் சுங்குடிச் சேலைக்கும், 2013-ல் மதுரை மல்லிக்கும் கிடைத்தது அப்படித்தான். அந்தக் குறியீடு இருந்தாலும், 'இந்தக் கடையில் நல்லா இருக்கும்' என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

கிளம்பும் முன் வழியைத் தெரிந்துகொள்வது எப்படி?

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி பக்கம் இன்னொரு ஆனையூர் இருக்கிறது. ஐராவதேஸ்வரர் கோயில் உள்ள ஊர் அது. திரும்பி வரும்போது பஸ்ஸிலோ செயலியிலோ 'ஆனையூர்' என்று மட்டும் சொன்னால் குழப்பம் வரலாம். கூடல்நகர் பக்கத்து ஆனையூர் என்று சொல்லிவிடுவது நல்லது. தனி நகராட்சியாக இருந்த இந்த ஆனையூர், 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது.

ஆனையூர் வைகைக்கு வடகரையில் இருக்கிறது. தல்லாகுளம், கோரிப்பாளையம், அழகர்கோவில் சாலையும் வடகரைதான். பழைய மதுரை தென்கரையில். கோரிப்பாளையத்திலிருந்து 1889-ல் கட்டி முடிக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தைத் தாண்டினால் யானைக்கல், சிம்மக்கல். அங்கிருந்து கோயிலைச் சுற்றிய வீதிகள்.

அந்த வீதிகளைப் புரிந்துகொண்டால் பாதிக் கடையைக் கண்டுபிடித்த மாதிரி. மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே முதலில் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம். 'மேலமாசி வீதி' என்றால் கோயிலுக்கு மேற்கே, மாசிச் சதுரத்தில் என்று அர்த்தம். வெளி வீதிகள் இருக்குமிடத்தில் முன்பு கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி வீதிகள் போடப்பட்டன. அவர் நினைவாக நிற்பதுதான் கோயிலுக்குத் தென்கிழக்கே உள்ள விளக்குத்தூண். ஜிகர்தண்டா தேடி வருகிற எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடமும் அதுவே.

எந்த நேரத்துக்கு எதைச் சாப்பிடுவது?

மதுரையின் நல்ல கடைகளில் பல, ஒன்றிரண்டு பண்டங்களுக்கு மட்டுமே பெயர் வாங்கியவை. அந்தப் பண்டத்துக்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் தவறினால் கடை திறந்திருந்தாலும் ருசி இருக்காது.

காலை: இட்லி. ஆவி பறக்கும் துணியிலிருந்து உரித்தெடுத்த இட்லியை வாழை இலையில் வைத்து, நான்கு விதச் சட்னி ஊற்றுவது மதுரை வழக்கம். சென்னை, சிங்கப்பூர் வரை கிளை பரப்பிய முருகன் இட்லிக் கடை இந்த ஊரில் பிறந்ததுதான். மேலமாசி வீதியில் கடை இருக்கிறது. அங்கே கூட்டமாக இருந்தால் கவலை வேண்டாம். பக்கத்துச் சந்தில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு அம்மா அடுப்பு வைத்திருந்தால் தாராளமாக உட்காரலாம். கோயில் நடை பகல் 12.30 மணி வாக்கில் சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அதனால் காலையிலேயே இட்லி, தரிசனம் இரண்டையும் முடித்துக்கொள்வது நல்லது.

மதியம்: அசைவச் சாப்பாடு. இதற்கு வடகரைக்குத் திரும்பிவிடலாம். தல்லாகுளம், அழகர்கோவில் சாலை வட்டாரத்தில் குமார் மெஸ், சந்திரன் மெஸ், அம்மா மெஸ் போன்ற பெயர்பெற்ற மெஸ்கள் இருக்கின்றன. மட்டன் சுக்கா, நல்லி எலும்பு, நண்டு ஆம்லெட் என்று பட்டியல் நீளும். இங்கே கேட்டுச் சாப்பிட வேண்டியது அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு வாங்கி, மண் போகப் பலமுறை அலசி, புளிக்குழம்பில் முழுசாகப் போடுவார்கள். வரத்து குறைந்தால் விலை எகிறும். அதனால், "அயிரை என்ன ரேட்டுண்ணே?" என்று இலை போடும் முன்பே கேட்பதில் கூச்சம் வேண்டாம். மதுரையில் அது தப்பாக எடுத்துக்கொள்ளப்படாது. வெயில் தாழும் வரை ஆனையூர் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவதும் இந்தத் திட்டத்தில் சேர்த்தி.

சாயங்காலம்: பலகார நேரம். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பத்துக்குப் பெயர் போனது. தொட்டுக்கொள்ளப் பச்சைமிளகாய்ச் சட்னி. சௌராஷ்டிரர் வாழும் தெருக்களில் முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் சுட்ட பச்சை நிறப் பலகாரத்தைப் பார்க்கலாம். சளிக்கு நல்லது என்று சொல்லி விற்பார்கள். பொழுது சாயும்போது பருத்திப்பால் தள்ளுவண்டிகள் வரும். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம் சேர்த்துக் காய்ச்சி, தேங்காய்த் துருவல் தூவிச் சுடச்சுடத் தருவது. ஒரு கோப்பை குடித்தாலே வயிறு நிறைந்துவிடும் என்பதால், பெரியவர்கள் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம்.

இரவு: பரோட்டா, கொத்து பரோட்டா, கறிதோசை. சிம்மக்கல் கோனார் கடையின் கறிதோசை மூன்று அடுக்கு. கீழே தடித்த தோசை, அதன் மேல் முட்டை, அதற்கும் மேலே மசாலாவில் வெந்த கொத்துக்கறி. 'ஒண்ணு போதுமா?' என்று யோசிப்பவர்கள் பாதியிலேயே பதிலைத் தெரிந்துகொள்வார்கள்.

நல்ல பரோட்டாவை எப்படி அடையாளம் காண்பது?

கல்லுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

பரோட்டா மாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து ஊறவைக்க வேண்டும். பிறகு உருண்டை பிடித்து மறுபடி ஊற வேண்டும். அப்போதுதான் மாவு கிழியாமல் துணி மாதிரி விரியும். மாஸ்டர் வீசும்போது மாவுக்கு அந்தப் பக்கம் இருப்பது மங்கலாகத் தெரிந்தால் மாவு பக்குவம். வீசியதை மடித்துச் சுருட்டி, தட்டிக் கல்லில் போட்டு எடுத்ததும், நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள். அடுக்கு பிரிவது அந்த அடியில்தான். அந்த 'டப் டப்' சத்தம் கேட்காத கடையில், முன்கூட்டியே போட்டு வைத்ததை மறுபடி கல்லில் சூடாக்கித் தருகிறார்களோ என்று யோசிக்கலாம்.

சூடு ஆறினால் பரோட்டா ஏன் ரப்பராகிறது? வெந்த மாவில் இளகிக் கிடக்கும் மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி இறுகிக்கொள்கிறது. பேகலும் இப்படித்தான். காலையில் சுட்டதை மாலையில் கடித்தால் பல் வலிக்கும். இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட வேண்டும். பார்சல் வாங்கி ஆனையூர் கொண்டுபோய்ப் பிரித்துவிட்டு, "பேரு மட்டும்தான் பெருசு" என்று கடையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பன் பரோட்டா வேறு ரகம். அளவில் சின்னது, உயரம் அதிகம், கையில் எடுத்தால் பன் மாதிரி அமுங்கும். கொஞ்ச காலமாக ஊர் முழுக்கப் பிரபலம். எதைச் சாப்பிட்டாலும் சால்னாவைக் கவனிக்க வேண்டும். மதுரைச் சால்னா தண்ணீர் போல ஓடும், ஆனால் வாயில் வைத்தால் எலும்பின் சாரமும் தேங்காயும் தெரியும். சால்னா நன்றாக இருந்தால் மறுபடி கேட்கலாம். "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றால் முகம் சுளிக்காமல் ஊற்றுகிற கடை, பொதுவாக நல்ல கடை.

நல்ல ஜிகர்தண்டாவை எப்படி அடையாளம் காண்பது?

'ஜிகர்' என்றால் ஈரல், நெஞ்சு. 'தண்டா' என்றால் குளிர்ச்சி. பெயர் வடக்கத்தியது, பண்டம் மதுரையுடையது. இஸ்லாமியக் குடும்பங்கள் வழியாக ஊருக்கு வந்தது என்பது இங்கே சொல்லப்படும் வரலாறு. 2014-ல் கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா' படம் வந்த பிறகு, மதுரையைப் பார்க்காதவர்களுக்கும் பெயர் தெரிந்துவிட்டது. கூடவே, வெளியூர்களிலும் இந்தப் பெயரில் கடைகள் பெருகின.

கண்ணாடி டம்ளரில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். முதலாவது, பாதாம் பிசின். மரப் பிசினைப் பல மணி நேரம் ஊறவைத்தால் உப்பி, கண்ணாடி போன்ற துண்டுகளாகும். தனியாக அதற்கு ருசி கிடையாது. சில கடைகளில் கடல்பாசியும் சேரும். இரண்டாவது, நன்னாரி சர்பத். நன்னாரி வேரின் மணம் மண் வாசனை போல இருக்கும், நிறம் பழுப்புச் சிவப்பு. மூன்றாவது, நேரமெடுத்துச் சுண்டக் காய்ச்சிய பால். வெளிர்ப் பழுப்பாக இருக்கும். அந்த நிறம் காய்ச்சுவதாலேயே வருவது. நான்காவது, மேலே விழும் ஐஸ்கிரீம். அதுவும் சுண்டிய பாலில் செய்ததாக இருந்தால், பால்கோவா மணம் வரும்.

டம்ளர் பளிச்சென்ற ரோஸ் நிறத்தில் இருந்தால், நன்னாரிக்குப் பதில் வேறு ஏதோ சிரப் விழுந்திருக்கிறது. நிறைய ஐஸ் கட்டி மிதந்தால் பால் சுண்டவில்லை. வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால், அது ரோஸ்மில்க்கின் தம்பி. ஜிகர்தண்டா கிடையாது.

நம்பிச் சாப்பிடலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

உணவு வியாபாரம் செய்யும் எந்தக் கடையும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். அதன் 14 இலக்க எண்ணைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும். 2022 முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பது விதி. எண் 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு. இரண்டுமே செல்லும். சிறிய கடை என்பதால் மோசம் என்று அர்த்தமில்லை.

கண்ணால் பார்க்கக் கூடியவை இன்னும் சில. கண்ணைப் பறிக்கும் சிவப்பில் வறுவல் இருந்தால் தவிர்க்கலாம். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் கண்டறியப்பட்டுத் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கலாம். அச்சிட்ட செய்தித்தாளில் பஜ்ஜியை வைத்துக் கொடுத்தால், "இலையில குடுங்கண்ணே" என்று கேட்கலாம். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அடுத்த கடைக்கு நடந்துவிட வேண்டியதுதான். கூட்டமும் ஒரு பாதுகாப்பே. வேகமாக விற்கும் கடையில் பண்டம் பழசாக நேரமில்லை.

தூங்கா நகரம் இன்னும் தூங்காமல் இருக்கிறதா?

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் உண்டு, அல்லங்காடியும் உண்டு. பகல் சந்தையும் இரவுச் சந்தையும். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், அடையும் மோதகமும் விற்கும் கூவியர் தங்கள் பண்டங்களோடு உட்கார்ந்தபடியே உறங்கி வழிவதையும் புலவர் காட்டுகிறார். இன்று விளக்குத்தூண் பக்கம் இரவுக் கடை வைத்திருப்பவரைப் பார்த்தால் அந்தக் காட்சி பழசாகத் தோன்றாது.

ஆனால், இரவுக் கடைக்குச் சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கிறது? 2019-ல் தமிழ்நாடு அரசு, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி தந்தது. 2022-ல் அது நீட்டிக்கப்பட்டது. இதில் அந்த '10 பேர்' என்ற வரம்புதான் முக்கியம். புருஷன், பொஞ்சாதி, ஒரு மாஸ்டர் என்று மூன்று பேர் நடத்தும் பரோட்டாக் கடையும், ஒற்றை ஆள் பருத்திப்பால் வண்டியும் அதற்குள் வராது. மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததில் பெரும்பங்கு இவர்களுடையதுதான்.

தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும்; அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும்; கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும்; கணக்கெடுப்பு முடியும் முன் யாரையும் அகற்றக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். கையில் சான்றிதழ் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம், "வண்டியை எடு" என்று யாராவது சொல்லும்போதுதான் தெரியும். அந்த இடம் பறிபோனால், பழகிய வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள். ஜி.பி.எஸ்ஸில் அவரைத் தேட முடியாது.

நட்சத்திர மதிப்பீடுகளை மட்டும் நம்பிப் போவதில் உள்ள சிக்கலும் இதுதான். பெயரும் கதவு எண்ணும் உள்ள கடைக்குத்தான் நட்சத்திரம் போட முடியும். பெயரில்லாத வண்டி செயலியில் தெரியாது. எல்லோரும் பட்டியலில் உள்ள பத்துக் கடைக்கே போனால், அங்கே வரிசை நீளும். அவசரத்தில் ருசி குறையும். பட்டியலில் இல்லாதவர்கள் ஒவ்வொருவராக அடுப்பை அணைப்பார்கள்.

அப்படியானால் யாரிடம், எப்படிக் கேட்பது?

"இங்க எது ஃபேமஸ்?" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான் பதிலாக வரும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். "நீங்க ராத்திரி எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று பூக்காரரையோ, லாட்ஜ் காவலரையோ, ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவரையோ கேட்டால், சொந்தக் காசில் சாப்பிடும் கடையைச் சொல்வார்கள். கடைக்குள் போனதும், "இன்னைக்கு என்ன நல்லா இருக்கு?" என்று கேட்கலாம். மெனு கார்டு முழுவதையும் ஒப்பிக்காமல், "சுக்கா இப்பத்தான் இறங்குச்சு, அதைச் சாப்பிடுங்க" என்று ஒன்றை மட்டும் சொல்கிறவரை நம்பலாம்.

இப்படிக் கேட்க நல்ல இடம் டீக்கடை. அயர்லாந்துக்காரருக்கு பப் எப்படியோ, மதுரைக்காரருக்கு டீக்கடை அப்படி. பேப்பர், அரசியல், ஜல்லிக்கட்டு, அரசாங்க வேலை எல்லாம் அங்கேதான் அலசப்படும். அதற்கு அலங்காரம் தேவையில்லை. ஆனையூரிலேயே, தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒன்று இருக்கும். காலையில் ஒரு டீ சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்தால், "ஊருக்குப் புதுசா தம்பி?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அன்றைய நாளுக்கான கடைப் பட்டியல் அங்கேயே தயாராகிவிடும். அதில் ஒன்றிரண்டு கடைக்குப் பெயரே இருக்காது. "பாலத்துக்கு அங்கிட்டு, வேப்பமரத்தடியில, எட்டு மணிக்கு மேல வருவாரு" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். எட்டரைக்குப் போய் நிற்கலாம்.